கல்லடுப்பின் மேல் பெட்டிகள்

பின்லாந்தின் வடக்கே கெமி என்ற ஊரில், முதியோர் இல்லத்துக்கு வந்துபோகிறவர்களுக்குச் சட்டையில் குத்திக்கொள்ள ஓர் அட்டை கொடுத்திருந்தார்கள். ‘தோழமை வருகையாளர்’ என்று எழுதி, பக்கத்தில் சிரிக்கும் முகம் ஒன்றை அச்சிட்டிருந்தார்கள். ஹில்க்கா அந்த முகத்தின் வாயைக் கறுப்பு மையால் நேர்கோடாக்கியிருந்தாள்.

“இதைப் பாக்கறவங்களுக்கு எப்படி இருக்கும்னு யோசிச்சீங்களா?” என்று நிர்வாகி ரீக்கா கேட்டாள்.

“கெமியில பிப்ரவரி மாசம் எவன் சிரிச்சிக்கிட்டு இருக்கான்?” என்றாள் ஹில்க்கா.

ஹில்க்கா கோபத்தோடுதான் பிறந்தாள் என்று அவள் கணவன் ரெய்னோ, உயிரோடிருந்தவரை, சொல்லிக்கொண்டிருந்தான். இளம்வயதிலிருந்து ஓய்வு பெறும்வரை அவள் அந்த ஊரில் டவுன் பஸ் ஓட்டினாள். காகித ஆலை வாசலில் காலை ஷிப்டு ஆட்களை இறக்கிவிட்டு, இரவு ஷிப்டு ஆட்களை ஏற்றிக்கொண்டு திரும்புவது அவள் வழித்தடம். ஒருமுறை குடித்திருந்த ஒருவன் ஒரு பெண்ணின் தலைத்துணியைப் பிடித்து இழுத்தான். ஹில்க்கா பாலத்தின் நடுவே பஸ்ஸை நிறுத்தினாள், அவனைக் காலரைப் பிடித்துப் பனியில் இறக்கினாள், கதவை மூடினாள். ஆனால் பஸ்ஸைக் கிளப்பவில்லை. அவன் குளிரில் ஆடிக்கொண்டு நிற்பதைக் கண்ணாடி வழியே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கதவைத் திறந்து, “ஏறு. வாயத் திறந்தா மறுபடி எறக்கிடுவேன்” என்றாள். அவள் கோபம் எப்போதும் அப்படித்தான். ஆளைத் தள்ளிவிடும், விட்டுவிட்டுப் போகாது.

இல்லத்துக்கு அவள் முதலில் வந்தது அக்கா லெம்பியைப் பார்க்க. லெம்பி கீழ்த்தளத்தில் இருந்தவரை தங்கையைத் திட்டிக்கொண்டே இருப்பாள். பஸ் ஓட்டுகிற மாதிரியே காப்பி ஊற்றுகிறாய், பாதி சாசருக்குப் போகிறது என்பாள். பிறகு மறதி கூடிவிட்டது என்று அவளை மேல்மாடிக்கு மாற்றினார்கள். மேல்மாடிக் கதவுக்கு எண் பூட்டு. அங்கே போனவர் யாரும் தம் காலால் நடந்து இறங்கி வந்ததை ஹில்க்கா பார்த்ததில்லை. மேலே போன சில வாரங்களில் லெம்பி திட்டுவதை நிறுத்திவிட்டாள். காப்பி சாசர் நிறைய வழிந்தபோதும் ஒன்றும் சொல்லவில்லை.

“இப்பல்லாம் ரொம்ப அமைதியா இருக்காங்க” என்று பணிப்பெண் சந்தோஷமாகச் சொன்னாள்.

அன்று வந்த கோபம் ஹில்க்காவை விட்டு இன்றுவரை போகவில்லை. அமைதி ஒருவருடைய குணமாக இருக்கலாம். ஒருவர் உள்ளே இல்லாமல் போய்விட்டதன் அடையாளமாகவும் இருக்கலாம். இரண்டையும் பிரித்துப் பார்க்க நேரம் வேண்டும். அந்த வீட்டில் யாரிடமும் இல்லாதது அதுதான்.

லெம்பியை அடக்கம் செய்த பிறகும் ஹில்க்கா வந்துகொண்டிருந்தாள். ஏன் என்று கேட்டவர்களுக்கு, “பஸ் இந்த வழியாத்தான் போகுது” என்று பதில் சொன்னாள்.

வயதானவர்களைப் பார்க்க வருகிறவர்களில் பெரும்பாலோர் அறைக்குள் நுழைந்ததும் குரலை ஒரு படி ஏற்றி, பேச்சை ஒரு படி இறக்கிவிடுவார்கள். இன்றைக்கு வெயில் அடிக்கிறது பாருங்கள், பூ எவ்வளவு அழகாக இருக்கிறது பாருங்கள் என்பார்கள். பிறகு கோட்டை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது, நல்ல காரியம் செய்த முகம் ஒன்று அவர்களுக்கு வந்துவிடும். ஹில்க்காவுக்கு அந்த முகத்தைக் கண்டாலே ஆகாது. அவள் கதவைத் தட்டி உள்ளே போய், பையிலிருந்து ஏலக்காய் ரொட்டியை எடுத்து மேசையில் வைத்து, உட்கார்ந்து, பேசாமல் இருப்பாள். பேச ஏதாவது வந்தால் பேசுவாள். பெரும்பாலும் சண்டைதான் வரும். ஐரா என்ற பழைய தையல்காரியோடு திரைச்சீலையின் நிறத்தைப் பற்றிச் சண்டை. வில்யோவோடு எல்லாவற்றைப் பற்றியும் சண்டை. ஒருவரோடு சண்டை போடுவதென்றால், அவர் சொல்வதை நாம் ஒரு பொருட்டாக எடுத்துக்கொள்கிறோம் என்று அர்த்தம். அந்த வீட்டில் அவர்கள் சொல்வதற்கெல்லாம் “சரி, சரி” என்று தலையாட்டவே ஆட்கள் இருந்தார்கள். மறுத்துப் பேச ஹில்க்கா ஒருத்திதான்.

வில்யோ துறைமுகத்தில் மரம் ஏற்றியவர். எண்பத்தெட்டு வயதிலும் தோள் அகலம் குறையவில்லை. மறதி உண்டு, அதை ஹில்க்காவும் மறுக்கமாட்டாள். சில நாட்கள் மனைவி சைமி எங்கே என்று கேட்பார். சைமி இறந்துவிட்டாள் என்று ஹில்க்கா நேராகச் சொல்லுவாள். “ஓ” என்பார். கொஞ்சம் கழித்து, “நல்லாத்தான் அடக்கம் பண்ணினோம்” என்று தாமே சொல்லிக்கொள்வார். மற்றவர்கள் அவரிடம், சைமி கடைக்குப் போயிருக்கிறாள், வந்துவிடுவாள் என்று சொல்லிவிடுவார்கள். அந்த நாட்களில் அவர் மாலைவரை வாசலையே பார்த்துக்கொண்டிருப்பார்.

“என்ன வில்யோ, நாம இன்னிக்கு மாத்திரை சாப்பிட்டோமா?” என்று ஒருநாள் பணிப்பெண் எஸ்ஸி எட்டிப் பார்த்துக் கேட்டாள்.

“நான் சாப்ட்டேன். நீ சாப்ட்டியான்னு எனக்குத் தெரியாது” என்றார் வில்யோ.

ஹில்க்கா சிரிக்கவில்லை. ஆனால் அன்று அவருக்கு ரொட்டியில் பெரிய துண்டை வெட்டிக் கொடுத்தாள்.

வில்யோவின் அறைக்கு எதிரே, தாழ்வாரத்தின் கோடியில் சவுனா இருந்தது: மின்சாரக் கல்லடுப்பில் தண்ணீர் ஊற்றி, எழும் ஆவியில் பலகைமேல் உட்கார்ந்து குளிக்கும் அறை. அந்த இல்லத்தை நகராட்சி நடத்தியபோது சனிக்கிழமைதோறும் மாலை நான்கு மணிக்கு அதை மூட்டுவார்கள். ஆண்கள் முதலில், பெண்கள் பிறகு. ஒரு கம்பெனி இல்லத்தை எடுத்துக்கொண்ட பிறகு, ஆள் போதவில்லை என்று மாதம் ஒருமுறை ஆயிற்று. பிறகு கதவில் ஒரு தாள் ஒட்டினார்கள்: ‘சவுனா இப்போதைக்கு மூடப்பட்டுள்ளது.’ தாளின் ஓரம் மஞ்சளாகிச் சுருண்டும் அது அங்கேயே இருந்தது.

“ஷவர்தான் இருக்கே” என்று ரீக்கா ஒருமுறை சொன்னாள். “சுத்தம்தானே முக்கியம்?”

“சுத்தத்துக்கா நாம சவுனாவுக்குப் போறோம்?” என்று கேட்டாள் ஹில்க்கா. “நீ எந்த ஊர்ல பொறந்தே?”

ரீக்கா பக்கத்து ஊரான தோர்னியோவில் பிறந்தவள். கோடைகால வீட்டில் அவள் குடும்பத்துக்கு விறகு சவுனா ஒன்று உண்டு. அதன் படத்தைத்தான் அலுவலகச் சுவரில் மாட்டியிருந்தாள்.

அந்தச் சனிக்கிழமை ஹில்க்கா ஐராவின் அறையில் இருந்தாள். ஐரா ஜன்னல் திரையின் விளிம்பைப் பிடித்து, “இதப் பாரு, தையல் இல்ல, பசையில ஒட்டியிருக்கான்” என்று சொல்லிக்கொண்டிருந்தபோது அபாய மணி அடித்தது. ஹில்க்கா வெளியே வந்தாள். தாழ்வாரத்தின் கோடியில் சவுனா கதவின் மேல்விளிம்பு வழியாகக் கறுப்புப் புகை கசிந்துகொண்டிருந்தது. கதவுக்கு இரண்டடி முன்னால் வில்யோ நின்றுகொண்டிருந்தார். தோளில் துண்டு, காலில் செருப்பு, கையில் மாற்றுச் சட்டை. பண்டிகைக்குப் புறப்பட்டவர் மாதிரி தலையை ஈரம் தொட்டுச் சீவியிருந்தார்.

“கதவத் திறக்காதீங்க” என்று அவர் தோளைப் பிடித்துப் பின்னால் இழுத்தாள்.

“என்னமோ கருகுது, பொண்ணே” என்றார் வில்யோ. அறுபத்தெட்டு வயதான அவளை அவர் அப்படித்தான் கூப்பிடுவார். “கல்லு இப்படி நாறாதே.”

உள்ளே கூரையில் தீயணைப்புக் குழாய் திறந்துகொண்டு தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்டது. தீயணைப்பு வண்டி வருவதற்குள் தீ அணைந்துவிட்டது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. எல்லாரையும் சாப்பாட்டுக் கூடத்தில் போர்வை போர்த்தி உட்காரவைத்தார்கள். தீயணைப்புக்காரர்கள் கதவைத் திறந்துவைத்துவிட்டுப் போன சமயத்தில் ஹில்க்கா உள்ளே எட்டிப் பார்த்தாள்.

மேல்பலகையில் உடைந்த சக்கர நாற்காலிகள். கீழ்ப்பலகையில் ஊன்றுகோல்களும், உதிர்ந்துபோன கிறிஸ்துமஸ் மரம் ஒன்றும். பெரியவர்களுக்கான டயப்பர் பெட்டிகள் தரையிலிருந்து தொடங்கி, இடம் போதாமல், கல்லடுப்பின் மேலேயே அடுக்கப்பட்டிருந்தன. கற்கள்மீது நேராக. அடியில் இருந்த பெட்டி கரியாகி, அதன்மேல் இருந்தது பாதி எரிந்து, எல்லாவற்றின் மேலும் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

ஹில்க்கா வாய்விட்டுக் கெட்ட வார்த்தை ஒன்றைச் சொன்னாள்.

சொன்ன மறுகணம் அவளுக்கே உடம்பு கூசியது. சவுனாவுக்குள் அவள் திட்டியது அதுதான் முதல்தடவை. அவள் வீட்டில் சவுனாவுக்குள் குரலை உயர்த்தினால் அப்பா ஒன்றும் சொல்லாமல் வெளியே சுட்டிக் காட்டுவார். பனியில் நிற்க வேண்டியதுதான். அந்தக் காலத்து வழக்கப்படி அவள் பிறந்ததே வீட்டுச் சவுனாவில். அப்பாவைக் கடைசியாகக் குளிப்பாட்டியதும் அங்கேதான். அங்கே சத்தம் போடுவதில்லை, பொய் சொல்வதில்லை, கணக்குத் தீர்ப்பதில்லை. ரெய்னோவும் அவளும் ஊரே கேட்கச் சண்டை போட்டவர்கள். சவுனா வாசலில் சண்டையைக் கழற்றிவைத்துவிட்டு உள்ளே போய், வெளியே வந்ததும் மறுபடி மாட்டிக்கொள்வார்கள். இப்போது அவளை அங்கே வாய் தவற வைத்துவிட்டார்கள். அதற்கும் சேர்த்து அவளுக்குக் கோபம் வந்தது.

வெளிச்சுவரில் இருந்த சுவிட்சைப் போட்டது யார் என்று யாரும் பார்த்திருக்கவில்லை. ஆனால் தோளில் துண்டோடு நின்றவர் ஒருவர்தான். திங்கட்கிழமை ரீக்கா ஹில்க்காவைத் தாழ்வாரத்தில் நிறுத்திச் சொன்னாள்.

“வில்யோவ மேல மாத்த வேண்டியிருக்கும். வியாழக்கிழமை அவர் பையன் வர்றார், பேசி முடிவெடுப்போம்.”

“எதுக்கு?”

“அனுமதியில்லாம மின்சாதனத்தப் போட்டுத் தீ விபத்து ஆயிருக்கு. மத்தவங்க பாதுகாப்பும் இருக்குல்ல?”

“அடுப்பு மேல பெட்டிய வெச்சது அவரா?”

“பொருள வைக்கற ஏற்பாடு தனி விஷயம். அத நாங்க தனியாப் பாத்துக்குவோம்.”

“மின்சாரத்தத் துண்டிக்காம வுட்டது அவரா?”

“ஹில்க்கா, நீங்க வருகையாளர். இது உங்க வேலை இல்ல.” ரீக்காவின் குரல் கடுமையாக இல்லை, களைத்திருந்தது. அவளுக்கு மேலே அதிகாரிகள் உண்டு, அவர்களுக்கு மேலே ஹெல்சின்கியில் யாரோ உண்டு. ஹில்க்காவுக்கும் அது தெரியும். தெரிந்ததால் கோபம் குறையவில்லை. யார்மேல் வைப்பது என்று தெரியாமல் இன்னும் கொதித்தது. ஒரு தவறைப் பத்துப் பேர் பங்கு போட்டுக்கொண்டால் யார் கையிலும் ஒன்றும் மிஞ்சுவதில்லை. கடைசியில் துண்டோடு நிற்கிறவர் கைக்கு முழுசாகப் போய்ச் சேருகிறது.

அவள் வில்யோவின் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினாள்.

“நீங்கதான் போட்டீங்களா?”

“ஆமா. கல்லு சூடாக நேரம் ஆகும்ல, அதுக்குள்ள துண்டு எடுக்கலாம்னு வந்தேன்.”

“யார்கிட்டயும் சொன்னீங்களா?”

“யாரும் கேக்கலியே. வந்து பல்ஸ் பாத்தாங்க. நாம பயந்துட்டோமான்னு கேட்டாங்க.”

“மேல மாத்தப் போறாங்க உங்கள.”

வில்யோ ஜன்னலைப் பார்த்தார். வெளியே உறைந்த கடல்மேல் யாரோ ஒருவன் துளைபோட்டு மீன் பிடித்துக்கொண்டிருந்தான். “லெம்பி போன எடமா?” என்றார்.

அந்தப் பெயர் அவர் நினைவில் இருக்கும் என்று ஹில்க்கா எதிர்பார்க்கவில்லை. அவள் எழுந்து வந்துவிட்டாள். பஸ் நிறுத்தத்தில் நிற்கும்போது முடிவு செய்துவிட்டாள்.

வியாழக்கிழமை அலுவலகத்தில் வில்யோவைச் சுவரோரமாக உட்காரவைத்திருந்தார்கள். பேச்சு அவரைப் பற்றி நடந்தது, அவரோடு நடக்கவில்லை. மகன் யார்மோ ஔலு நகரிலிருந்து காரில் வந்திருந்தான். அறுபது வயது, கூரை வேலை செய்கிறவன், கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் முழங்காலில் வைத்திருந்தான். ரீக்கா மென்மையான குரலில் பேசிக்கொண்டிருந்தாள்.

“அப்பாவோட நன்மைக்காகத்தான் சொல்றோம். சவுனாப் பகுதி இப்போதைக்கு வேற உபயோகத்துல இருக்கு. அது அவருக்கு மனசுல நிக்கல. இன்னொரு தடவ இப்படி நடந்தா—”

ஹில்க்கா கதவைத் தட்டாமல் உள்ளே வந்தாள்.

“சுவிட்சப் போட்டது நான்” என்றாள்.

ரீக்கா பேனாவைக் கீழே வைத்தாள். “என்ன சொல்றீங்க?”

“நான் போட்டேன். அன்னிக்கு இங்கதான் இருந்தேன், எஸ்ஸியக் கேளு. வில்யோவுக்குக் கொஞ்சம் ஆவி கெடைக்கட்டும்னு போட்டேன். துண்ட எடுத்துக்கிட்டு வாங்கன்னும் நான்தான் சொன்னேன். மேல அனுப்பணும்னா என்னை அனுப்பு.”

“ஹில்க்கா, நீங்க இப்படிச் சொன்னா, இனிமே உங்கள உள்ள விட முடியாது. தெரியுதா?”

“பஸ் ஓட்டினவளுக்கு எறக்கிவிடறது தெரியாதா?”

யார்மோ இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். வில்யோ சுவரோரத்திலிருந்து ஹில்க்காவைப் பார்த்தார். அந்தப் பார்வையில் நன்றி இருக்கும் என்று அவள் நினைத்திருந்தாள். அது இல்லை. தாடை இறுகியிருந்தது.

“யார்மோ” என்றார் வில்யோ. “சவுனாவுக்குப் போலாம்.”

“அப்பா, அது எரிஞ்சு கெடக்கு.”

“எரிஞ்சாலும் சவுனாதான். அங்க போய்ப் பேசுவோம்.”

காப்பீட்டுக்காரர் வந்து பார்க்கும்வரை எதையும் தொடக்கூடாது என்று கதவுக்குக் குறுக்கே நாடா கட்டியிருந்தார்கள். ரீக்கா தடுத்துப் பார்த்தாள். ஆனால் யார்மோ நாடாவை ஒரு கையால் தூக்கிப் பிடித்தான். அவன் அப்பா குனிந்து உள்ளே போய்விட்டார். உள்ளே கரியும் ஈரமும் கலந்த நாற்றம். வில்யோ கீழ்ப்பலகையில் ஊன்றுகோல்களை நகர்த்திவிட்டு உட்கார்ந்தார். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார். பின்னால் வந்த யார்மோவும் தன் தொப்பியைக் கழற்றினான்.

ஹில்க்கா வாசலில் நின்றாள். நெஞ்சு முழுக்க வசவு இருந்தது, வாய்க்கு வரவில்லை. ரீக்கா ஏதோ சொல்ல வந்து, தன் குரல் தானாகத் தாழ்ந்துவிட்டதைக் கேட்டு, நிறுத்திக்கொண்டாள். எங்கோ ஒரு குழாயிலிருந்து இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது.

“ஹில்க்கா” என்றார் வில்யோ, மெதுவாக. அவர் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது அதுவே முதல்முறை. “இங்க சொல்லு. யார் போட்டா?”

அவள் அலுவலகத்தில் சொன்ன பொய்யை இன்னும் பத்து இடத்தில் சொல்லியிருப்பாள். நீதிமன்றத்தில் கூடச் சொல்லியிருப்பாள். அங்கே நின்று சொல்ல முடியவில்லை. வில்யோவுக்கு அது தெரியும். தெரிந்துதான் அவளை அங்கே அழைத்து வந்திருந்தார். அது அவளுக்குப் புரிந்தபோது, அந்த மனிதரை ஓங்கி ஓர் அறை விடலாம் போல இருந்தது.

“நீங்கதான்” என்றாள்.

“ஆமா. நான்தான். சனிக்கிழமை.” அவர் மகனைப் பார்த்துச் சொன்னார். “இவ என்னைக் காப்பாத்தறதா நெனச்சுக்கிட்டு அத எடுத்துக்கிட்டா. எனக்குன்னு நான் செஞ்ச காரியம் இந்த வீட்ல அது ஒண்ணுதான்.”

“அப்பா, சவுனா மூடியிருக்குன்னு கதவுல போட்டிருக்கே” என்றான் யார்மோ.

“படிச்சேன். ‘இப்போதைக்கு’ன்னு போட்டிருந்துச்சு. அது ஒட்டி ரெண்டு குளிர்காலம் போயிடுச்சு. அந்த ‘இப்போதைக்கு’ முடிஞ்சிருக்கும்னு நெனச்சேன்.”

“உள்ள எட்டிப் பாத்திருக்கலாமே?”

“எதுக்கு? அடுப்பு மேல எவனாவது எதையாவது வெச்சிருப்பான்னு பாக்கணுமா?”

யார்மோ அப்போதுதான் அடுப்பைப் பார்த்தான். அதுவரை அவன் பார்வை அப்பாமேல் இருந்தது. சவுனாவில் சாமான் வைத்திருந்தார்கள் என்று சொல்லியிருந்தார்கள். பலகைமேல் இருக்கும் என்று எண்ணியிருப்பான். அவன் பக்கத்தில் போய், கரிந்த பெட்டியின் விளிம்பை விரலால் தள்ளினான். சாம்பல் உதிர்ந்து அடியில் கற்கள் தெரிந்தன.

“கல்லு மேலயேவா?” என்றான். குரல் எழும்பவில்லை. “இத யார் வெச்சா?”

ரீக்கா தரையைப் பார்த்தாள். வெளியே என்றால் பதில் இருந்திருக்கும்: கிடங்கு வாடகை, சிக்கனம், தலைமை அலுவலகத்தின் சுற்றறிக்கை.

“வைக்கச் சொன்னது நான்தான்” என்றாள். “எடம் இல்ல.”

யார்மோ தலையாட்டினான். கோபப்பட்ட மாதிரியே தெரியவில்லை. கோட்டைக் கழற்றி அப்பாவின் பக்கத்தில் வைத்தான். பிறகு எரியாத பெட்டிகளில் இரண்டைத் தூக்கிக்கொண்டு ரீக்காவைத் தாண்டி வெளியே போனான். தாழ்வாரத்தில் அவன் பூட்ஸ் சத்தம் அலுவலகம்வரை போய் நின்றது. பெட்டி தொப்பென்று விழும் சத்தம். திரும்பி வந்தான். இன்னும் இரண்டு. ரீக்கா பின்னாலேயே ஓடினாள்.

“அங்க வைக்காதீங்க, என் மேஜை மேல வெக்கறீங்க—”

“எடம் இல்லன்னீங்களே. அங்க எடம் இருக்கு” என்றான். தாழ்வாரத்துக்கு வந்துவிட்டதால் இப்போது அவன் குரல் கூரையை இடித்தது. “எங்கப்பா தீ வெச்சிட்டார்னு சொன்னீங்க. ரெண்டு நாளா நான் தூங்கல. என் பொண்டாட்டிகிட்ட அவருக்குப் பைத்தியம்னு சொன்னேன். அடுப்புன்னு ஒண்ணு இருந்தா அது சூடாகும்னு எங்க வீட்ல மூணு வயசுப் பிள்ளைக்குத் தெரியும்.”

ஐரா தன் அறைக் கதவைத் திறந்து தலையை நீட்டி, “ஹில்க்கா, மறுபடி நெருப்பா?” என்று கேட்டாள்.

“இல்ல ஐரா. சுத்தம் பண்றாங்க” என்றாள் ஹில்க்கா.

நாற்காலிகளும் ஊன்றுகோல்களும் கிறிஸ்துமஸ் மரமும் அலுவலகத்துக்குப் போயின. கரிந்த இரண்டை மட்டும் காப்பீட்டுக்காரருக்காக அடுப்பின்மேல் விட்டுவைத்தான். எல்லாம் முடிந்தபிறகு அவனும் ரீக்காவும் கதவை மூடிக்கொண்டு பேசினார்கள். வில்யோ கீழேயே இருப்பார் என்று முடிவானது. மேலே மாற்றச் சம்மதிக்கும் எந்தக் காகிதத்திலும் யார்மோ கையெழுத்துப் போடவில்லை. அது ஒன்றே போதுமாக இருந்தது.

ஹில்க்கா வெளியே வந்தபோது ரீக்கா கை நீட்டினாள். ஹில்க்கா அட்டையைக் கழற்றிக் கொடுத்தாள்.

“அதிகாரபூர்வமான கூட்டத்துல பொய் சொன்னவங்கள நான் வருகையாளரா வெச்சிருக்க முடியாது. புரிஞ்சுக்கோங்க.”

“புரியுது” என்றாள் ஹில்க்கா. “அடுப்பு மேல பெட்டி வெச்சவங்க நிர்வாகியா இருக்கலாம். அதுவும் புரியுது.”

வில்யோவிடம் சொல்லிக்கொள்ளப் போனாள். அவர் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை.

“இனிமே எனக்காகப் பொய் சொல்லாத.”

“சொல்ல மாட்டேன். உங்களுக்காக எதுவுமே செய்ய மாட்டேன். பிடிவாதக் கெழவன்.”

“சனிக்கிழமை வா.”

“என்னை உள்ள விடமாட்டாங்க.”

“தோழமைன்னு வந்தாத்தானே. என்னப் பாக்க வா. இது என் வீடுன்னு ஒப்பந்தத்துல எழுதியிருக்காம், யார்மோ சொன்னான். என் வீட்டுக்கு யார் வரணும்னு நான் சொல்லுவேன்.”

சனிக்கிழமை அவள் போனாள். வாசலில் எஸ்ஸி ஒரு கணம் தயங்கிவிட்டு வழிவிட்டாள். சவுனா காலியாக, கழுவித் துடைத்து இருந்தது. கல்லடுப்பு வெறுமையாக இருந்தது. வெளியே சுவரில், சுவிட்ச் இருந்த இடத்தில் வெள்ளைத் தகடு ஒன்றை நான்கு திருகாணிகளால் முடுக்கியிருந்தார்கள். அதன்கீழே புதுத் தாள். என்ன எழுதியிருக்கிறது என்று ஹில்க்கா படிக்கவில்லை.

நான்கு மணிக்கு வில்யோ தலையைச் சீவிக்கொண்டு, தோளில் துண்டோடு வந்தார். மறுபடி காரில் வந்திருந்த யார்மோ அவரை மேல்பலகையில் ஏற்றிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தான். இருவரும் கம்பளிச் சட்டையைக் கழற்றவில்லை. மூச்சு புகையாக வந்தது. ஆண்கள் நேரம் என்பதால் ஹில்க்கா வெளியே, கதவை யாரும் சாத்தாதபடி அதில் முதுகைச் சாய்த்து, ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். ரீக்கா இரண்டு முறை அந்தப் பக்கம் வந்தாள். இரண்டு முறையும் ஹில்க்கா நீட்டிய காலைச் சுற்றிக்கொண்டு போனாள்.

உள்ளே ஒருமுறை வில்யோ, வழக்கம்போல, அகப்பையில் தண்ணீர் மொண்டு கல்லில் ஊற்றினார். குளிர்ந்த கல்லில் தண்ணீர் வெறும் தண்ணீராக விழுந்து கீழே ஒழுகியது.

இதை வெற்றி என்று சொல்ல ஹில்க்காவுக்கு வாய் வரவில்லை. ஒரு மனிதர் குளிர்ந்த அறையில் கம்பளியோடு உட்காரும் உரிமையை வாங்க இவ்வளவு பாடு. மேல்மாடியில் இன்னும் யார் யாரோ அமைதியாக இருந்தார்கள். வாய்வரை வந்த வசவை அவள் அடக்கிக்கொண்டாள். அவள் முதுகுக்குப் பின்னால் சவுனா இருந்தது. கத்துவதென்றால் உள்ளே இருக்கும் இருவரும் எழுந்து வெளியே வரவேண்டும். அதுவரை காத்திருப்பதென்று ரீக்காவின் அலுவலகக் கதவைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.